கிராணி கேட்டால் யார் இல்லை என்பார்கள்

எண்பதுகளின் நடுவில் கோலாலம்பூரில் ஒரு மருத்துவப் புலத்தில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தேன். எங்கள் துறையில் தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஊர் எது என்று கேட்டவர்களிடம் கிள்ளான் என்று சொல்லிவைத்தேன். காப்பார் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அப்பாவும் அம்மாவும் இன்னும் இருப்பதைச் சொல்லவில்லை. தெரிந்தால் என்னை எப்படிப் பார்ப்பார்களோ என்று பயம்.

தோட்டத்துப் பெண்களுக்கு ஏன் இவ்வளவு இரத்தச்சோகை என்று நான் சேர்ந்த சில மாதங்களில் துறைத்தலைவர் ஓர் ஆய்வு நடத்தினார். அறிக்கையைப் பிழை பார்க்க என்னிடம் கொடுத்தார்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பெண்கள் தினமும் சாப்பிடுகிறார்கள், ஆகவே குறை அவர்கள் சமையலில்தான் என்று முடித்திருந்தார்கள். ஆய்வு நடந்த தோட்டங்களில் எங்களுடையதும் ஒன்று.

அந்த ஞாயிறு நான் தங்கியிருந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்குத் தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும் வேலை. மாத்திரையைப் பற்றிக் கேட்டதும் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். பாதிக்கு மேல் மாத்திரைகள்.

"வெறும் வயித்துல போட்டா கொமட்டுது. விடியறதுக்குள்ள வேலைக்கு ஓடணும். களைமருந்து டின்ன முதுகுல மாட்டிக்கிட்டு வாந்தி எடுக்கச் சொல்றியா?"

"அப்புறம் ஏம்மா தினமும் சாப்பிடுறேன்னு சொன்னீங்க?"

"கேட்டது யாரு? ஆபீஸ்ல கணக்கெழுதி வேலை பிரிச்சுக் கொடுக்கிற நம்ம கிராணிதானே. வந்தவங்களுக்குத் தமிழ் தெரியாதுன்னு அவரத்தான் கேக்க வச்சாங்க. ஆபீஸ் கிராணிகிட்ட இல்லன்னு யாரு லா சொல்லுவா? அப்புறம் வேலை கொடுக்க மாட்டாரு."

வாசலில் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "இந்த வீடு தோட்டத்தோடது. அத மனசுல வச்சுக்கிட்டு எதையும் பேசு."

பேசினால் என் வேலை போகலாம், அவர்கள் வீடு போகலாம். பேசாவிட்டால் அந்த அறிக்கை அச்சாகிவிடும், அம்மாவின் சமையல்தான் குற்றவாளி.

அறிக்கையை அச்சுக்கு அனுப்புமுன் நடந்த துறைக் கூட்டத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாருக்காவது கேள்வி உண்டா என்று துறைத்தலைவர் கேட்டபோது கையைத் தூக்கினேன். "அந்தப் பதில்கள் பயத்தில் சொன்னவை, சார். கேட்டவர் அவர்களுக்கு வேலை கொடுக்கும் கிராணி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதில் சொன்னவர்களில் ஒருவர் என் அம்மா."

துறைத்தலைவர் என்னையே பார்த்தார். அந்த நிமிடம் எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தோட்டத்துக்குப் போகுமுன் உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

அறிக்கை நிறுத்தப்பட்டது. தமிழ் தெரிந்த இரண்டு தாதியர் கோயில் மண்டபத்தில் பெண்களைத் தனித்தனியாகச் சந்தித்துத் திரும்பக் கேட்டார்கள். வந்த பதில்கள் முற்றிலும் வேறு. தோட்டங்களில் மாத்திரையைச் சாயங்காலச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லத் தொடங்கினார்கள்.

வீடு போகவில்லை. ஆனால் கிராணி அப்பாவைக் கூப்பிட்டு, "உன் மக பெரிய ஆளாயிட்டாளாமே" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரமே அம்மாவை லயத்திலிருந்து வெகுதூரத்திலிருந்த செம்பனைக் காட்டு வேலைக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை. அம்மாவும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மாதக்கணக்கில் ஒவ்வொரு ஞாயிறும், லயத்து வாசலில் எங்கள் சாமான்கள் கிடக்குமோ என்று பார்த்துக்கொண்டேதான் பஸ் நிறுத்தத்திலிருந்து நடப்பேன்.

என் ஒப்பந்தத்தை ஓராண்டு மட்டும் நீட்டித்தார்கள். அதே ஆண்டு தமிழ் தெரிந்த இன்னொரு பெண் விரிவுரையாளராக வந்தார். முதல் நாள் தேநீர் வேளையில் அவர் மெதுவாகக் கேட்டார்: "அக்கா, இங்க மனசுல பட்டதப் பேசலாமா?"

"பேசுங்க. எனக்கும் பயம்தான்" என்றேன்.