சங்கு ஊதியபின் இரண்டு நிமிடம்

எங்களுக்குக் கிடைத்ததே இரண்டு நிமிடம்தான். ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் சங்கு ஊதி, பகல் ஷிப்ட் முடிந்து, ஆட்கள் வாசலில் சோதனை கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதற்குள் ஒரு பாட்டைத் தொடங்கி முடித்தாக வேண்டும். மூன்றாவது நிமிடம் வாட்ச்மேன் கம்போடு வருவார். கொஞ்சம் தாமதித்தால் போலீஸ் ஜீப்பே வந்துவிடும். இதில் பல்லவி எங்கே, சரணம் எங்கே? மைக் வைக்க அனுமதி வாங்க வேண்டும். எங்களுக்கு அதை யார் தருவார்கள்? ஆகவே கத்தினோம்.

ஊரில் எங்களுக்கு ‘கத்துக் கோஷ்டி’ என்றுதான் பெயர். நாங்களாக வைத்துக்கொண்ட பெயர் வேறு. ரத்தம், விடியல் எல்லாம் சேர்ந்த நீளமான பெயர். இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மொத்தம் நாலு பேர். நான் லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். தாளம் போட்டவர் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிற பேண்ட் செட்டில் டிரம் அடிப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மற்ற இருவரும் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்காரர்கள். நால்வரில் ஒருவருக்கும் பாட வராது. அதையே கொள்கையாக்கிக்கொண்டோம். “கொரலு நல்லா இருந்தா கொரலத்தான்யா கேப்பாக, சேதியக் கேக்க மாட்டாக” என்பார் டிரம்காரர்.

எண்பதுகளின் நடுவில் தொடங்கியபோது நாங்கள் ஒரு தொழிற்சங்கத்தின் கலைக்குழுவாகத்தான் இருந்தோம். சங்கத் தலைவருக்கு எங்கள் பாட்டு பிடிக்கவில்லை. கேட்க இனிமையாக இருக்க வேண்டும், கடைசியில் நம்பிக்கை வர வேண்டும் என்றார். அடுத்த வாரமே, அவர் மேனேஜர் அறையில் உட்கார்ந்து டீ குடித்ததை அவர் கூட்டத்திலேயே பாட்டாகக் கத்தினோம். அன்றோடு அந்த உறவு முடிந்தது. அதன் பிறகு எங்களுக்குக் கொடியும் இல்லை, கேட்பாரும் இல்லை. அதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. இந்த ஊரிலேயே விலைபோகாதவர்கள் நாங்கள் நாலு பேர்தான் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

எங்களுக்கு ஒரே ஒரு விதி இருந்தது. வேலை செய்கிறவர் என்ன சொன்னாரோ, அதை அவர் சொன்னபடியே பாட வேண்டும். உவமை சேர்க்கக் கூடாது. எதுகை வேண்டும் என்பதற்காக ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. ‘கக்கூசுக்குப் போனா கதவத் தட்டுறான்’ என்று ஒரு பெண் சொன்னால், அதுதான் வரி. அதை நாலு தொண்டையும் கிழியக் கத்துவோம். பின்னால் டிரம் இடி இடிக்கும். யார் சொன்னது என்பதை மட்டும் ஒருபோதும் சொல்ல மாட்டோம். அது போதும் என்று நம்பினோம்.

என் அக்கா அந்த மில்லில்தான் வேலை பார்த்தாள். வ. புதுப்பட்டியில் விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஐந்து மாத வயிற்றோடு இருந்தவளை அத்தான் வாசற்படியிலிருந்து தள்ளிவிட்டார். பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா அவளைச் சேர்த்துக்கொண்டார், ஆனால் ஒரு சொல் சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார். “நீ வேலைக்குப் போற மட்டும் ஒருத்தன் ஒன்னயப் பேச முடியாது. வீட்ல ஒக்காந்தேன்னா, பொறவு நாலு பேரு வந்து புருசன் வீட்டுக்குக் கூப்புடுவாக, என்னால மறுக்க ஏலாது.” அப்பா கொடுமைக்காரர் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்தவர், அவ்வளவுதான். அந்தச் சொல் அக்காவுக்கு நன்றாகப் புரிந்தது. ஆறு வருடத்தில் காய்ச்சல் என்று அவள் ஒருநாள்கூட வீட்டில் இருந்ததில்லை. அந்த மில் வாசலுக்கு இந்தப் பக்கம் வ. புதுப்பட்டி, அந்தப் பக்கம் அவள்.

ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளாகவே ஆரம்பித்தாள். அன்று காலை வெளியூர் அதிகாரிகள் மில்லைப் பார்க்க வந்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, அக்காவுக்குப் பக்கத்து மெஷினில் நின்ற ஒரு மாசமான பெண் மயங்கி விழுந்துவிட்டாள். அக்கா மெஷினை நிறுத்தப் போயிருக்கிறாள். சூப்பர்வைசர் ஓடிவந்து அவள் காதில் சொன்னானாம்: “மெஷின நிறுத்தாத. ஆபீசருமாரு வாராக. இவள அந்தக் கழிவுப்பஞ்சுச் சாக்குக்குப் பொறத்தால இழுத்துப் போடு.”

“இழுத்தியா?” என்று கேட்டேன்.

“இழுத்தேன்” என்றாள். தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள். “எம்புட்டு நேரம் கெடந்தா தெரியுமாலே? அவிய போற வரைக்கும் கெடந்தா. நான் இங்கன நின்னு இழை முடிஞ்சிக்கிட்டு இருக்கேன்.”

நான் சோற்றை விட்டு எழுந்து பேப்பர் தேடினேன். அக்கா அழுதுகொண்டிருந்தாள்; நான் வரி எழுதிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

இதைப் பாடலாமா என்று கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “பாடிக்கோ. நீங்க கத்துறது எந்தச் செவிட்டுச் சாமிக்கும் வெளங்காது.”

அவள் சொன்னது உண்மைதான். அந்தப் பாட்டை அந்த மில் வாசலிலேயே மூன்று முறை கத்தினோம். சாக்கு, மெஷின், ஆபீசர் என்று நாலைந்து சொற்கள் காதில் விழுந்திருக்கும். மற்றதெல்லாம் டிரம் சத்தத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆனாலும் பெண்கள் நின்றார்கள். பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். எங்கள் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கூட்டம் நின்றதில்லை. மூன்றாவது முறை, ஜீப் எங்களுக்கு முந்திக்கொண்டது. ஸ்டேஷனில் என்னையும் தறிக்காரர்களையும் காலில்தான் அடித்தார்கள். டிரம்காரரின் வலது கையை மேஜைமேல் வைக்கச் சொன்னார்கள். அதன் பிறகு அவருக்கு இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை. டிரம் குச்சியைத் துணியால் கையோடு கட்டிக்கொண்டு அடிக்கப் பழகினார். கல்யாணங்களுக்கு அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சாவுக்கு மட்டும் கூப்பிட்டார்கள்.

எங்கள்மேல் போட்ட கேஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நடந்தது. வாய்தா வாய்தாவாக இரண்டு வருடம் பஸ் ஏறினோம். தொண்ணூறுகள் பிறந்துவிட்டன. அப்படி ஒரு வாய்தா நாளில் மதியமே வெளியே வந்துவிட்டோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கேசட் கடை இருந்தது. மாடியில் ஒரு சிறிய அறை, சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்து, பக்திப் பாட்டு பதிவு செய்வார்கள். நாம் ஏன் ஒரு கேசட் போடக் கூடாது என்று கேட்டது நான்தான். இதில் வேறு யார்மேலும் பழி போட எனக்கு வழியில்லை. அடித்து நொறுக்கினாலும் அழியாதபடி எங்கள் குரல் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று பெரிய வார்த்தையாகப் பேசினேன். டிரம்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டு சரி என்றார்.

அடுத்த வாய்தா அன்று டிரம்மைத் தூக்கிக்கொண்டு போனோம். எட்டுப் பாட்டுகள். பதிவு செய்தவர் சாந்தமான மனிதர். முதல் பாட்டைக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். “தம்பி, டிரம்ம அந்த மூலையில வைங்க. நீங்க இங்கன மைக்குக்கிட்ட வாங்க. கத்த வேணாம், செத்த நேரம் நிதானமாச் சொல்லுங்க. வார்த்த வெளங்குனாத்தான உங்க சேதி போய்ச் சேரும்?”

எங்கள் வாழ்நாளில் யாரும் எங்கள் சேதி போய்ச் சேர வேண்டும் என்று கவலைப்பட்டதில்லை. நாங்கள் உருகிவிட்டோம். மைக்குக்கு முன்னால் நின்று ஒவ்வொரு சொல்லையும் பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பதுபோல் திருத்தமாகச் சொன்னேன். ‘மெஷின நிறுத்தாத. ஆபீசருமாரு வாராக. இவள அந்தக் கழிவுப்பஞ்சுச் சாக்குக்குப் பொறத்தால இழுத்துப் போடு.’ எங்கள் விதிப்படி ஒரு சொல்லும் மாறவில்லை. அக்காவிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள்தான் ஒருமுறை சரி சொல்லிவிட்டாளே.

கேசட் பரவியது. கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பையன்கள் படியெடுத்துக் கேட்டார்கள். பிளவக்கல் அணைக்குப் போகிற வேன்களில் ஓடியது. டீக்கடையில் அந்தப் பாட்டு கேட்கும்போது நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபடுவேன். சந்தோஷமாக இருந்தேன். பொய் சொல்லக் கூடாது. என் வாழ்க்கையிலேயே அதிகச் சந்தோஷமாக இருந்த ஒரு மாதம் அது.

பிறகு மில்லில் அக்காவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் மேஜையில் டேப் ரிக்கார்டர் இருந்தது. அந்த வரியைப் போட்டுக் காட்டினார். திருப்பி மறுபடி போட்டார். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். தான் அதை இந்த உலகத்தில் ஒருத்தியின் காதில்தான் சொன்னதாக அவன் சொன்னான். அக்கா மறுக்கவில்லை. பாடுகிறவன் யார் என்று கேட்டதற்கும் அவள் வாய் திறக்கவில்லையாம். என்னை ஊருக்கே தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அவள் சொல்லவில்லை.

மறுநாள் அவளை வாசலுக்கு உள்ளே விடவில்லை. வேறு மில்களுக்குப் போனாள். பெயரைக் கேட்டதும் ஆள் தேவையில்லை என்றார்கள். மூன்று மாதம் ஒவ்வொரு வாசலாகப் போனாள். வேலைக்குப் போகும் சேலையைத்தான் தினமும் கட்டிக்கொண்டு கிளம்புவாள், தெருவில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்று. தறியில் சேர்த்துவிடுகிறோம் என்று எங்கள் தறிக்காரர்கள் இருவரும் சொல்லி, முதலாளியிடம் கேட்டார்கள். அவர்களுக்கே வேலை போகும்போல இருந்தது.

கோஷ்டி கடைசியாகக் கூடியது எங்கள் வீட்டில்தான். தறிக்காரர்களில் ஒருவர், இதை விடக் கூடாது, அக்காவுக்கு நடந்ததை ஒரு பாட்டாக்கி மில் வாசலில் போடுவோம் என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்கும், வெட்கக்கேடு, மனதில் முதல் வரி வந்துவிட்டது. அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

“இன்னொரு பாட்டா?” என்றாள். “ஏலே, உங்களுக்கெல்லாம் அடுத்தவ வாயில இருந்து வாரதுதான் வேணும். அவ என்ன ஆவான்னு வேணாம்.”

டிரம்காரர் எழுந்து, “தப்புதான், தாயி” என்றார். அன்று வீட்டுக்குப் போனவர் அதன் பிறகு எங்களுக்காகக் குச்சியைத் தொடவில்லை. ஏழெட்டு வருட கத்துக் கோஷ்டி ஒரு பெண் அடுப்படி வாசலில் நின்று சொன்ன இரண்டு வாக்கியத்தில் முடிந்துபோனது. அது நியாயமான முடிவுதான்.

நாலாவது மாதம் வ. புதுப்பட்டியிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். அப்பா சொன்னதுபோலவே அவரால் மறுக்க முடியவில்லை. நான் மறுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேஸ்காரன் என்று பட்டறையில் என்னை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் பெரியவர்களைப் பார்த்து, “வாரேன்” என்றாள்.

அவளைக் கொண்டுபோய் விட்டவன் நான். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வத்திராயிருப்பு பஸ் மாறினோம். வழி முழுக்க மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தான் வாசலில் நின்றிருந்தார். “வாங்க மாப்ள, பாட்டுக்காரரு. கேசட்டுலாம் கேட்டோம்” என்று நாற்காலி போட்டார். ஆறு வருடம் கழித்து வந்தவள், பாத்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்காமலே எனக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். “இவ ஒழுங்கா இருந்தா நானும் ஒழுங்கா இருப்பேன் மாப்ள” என்றார் அத்தான், அவள் முன்னாலேயே. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது.

“காப்பி நல்லா இருக்கு” என்றேன்.

அதன் பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். மூன்றாவது வருடம் போனபோது, கூப்பிட்டால் அக்கா உடனே திரும்பவில்லை. இடது காது கேட்கவில்லை என்று தெரிந்தது. “அம்புட்டு வருசம் மில்லு இரைச்சல்ல நின்னா காது போகாம என்ன செய்யும்?” என்றார் அத்தான், நான் கேட்காமலே. ஒரு காது மட்டும் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள். எப்படியிருக்கிறாய், உண்மையைச் சொல் என்று மெல்லக் கேட்டேன். அவள் வலது காதை என் பக்கம் திருப்பி, இன்னும் கிட்டே வந்தாள்.

“கேக்கல தம்பி. கொஞ்சம் சத்தமாச் சொல்லு.”

அத்தான் உள்ளேதான் இருந்தார். நான் சத்தமாகச் சொல்லவில்லை.