எண்ணூர் ஆற்றில் ஒரு திட்டு

ஹார்பரில் மூட்டை தூக்கி, பள்ளிக்கூடம் பார்க்காமலே லாரி முதலாளியானவன் நான். எண்ணூர் ஆற்றங்கரையில் வீடு கட்டியதும், தூண்டில் போட இடம் காட்டச் சொல்லி நெட்டுக்குப்பம் மீனவர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினேன்.

நடு ஆற்றில் ஒரு திட்டு தெரிந்தது. எனக்கா தெரியாது என்று படகிலிருந்து காலைத் தூக்கினேன்.

"எறங்காத நைனா! மண்ணு இல்ல, கரண்டு கம்பெனிக்காரன் ஆத்துல வுடுற நெலக்கரி சாம்பலு." சட்டையைப் பிடித்து இழுத்தார். மூங்கில் கழியை அதில் குத்தினார். முக்கால்வாசி சத்தமில்லாமல் உள்ளே போனது.

"போன வாரம் இங்க தண்ணி இருந்துச்சு. அடுத்து எங்க வரும்னு எனக்கே தெர்ல."

திரும்பி வந்தோம். என் வீட்டுப் படித்துறைக்குக் கீழேயும் அதே சாம்பல் நிறம். அவரிடம் கழியை வாங்கிக் குத்திப் பார்த்த பிறகுதான் இறங்கினேன்.