பையில் வந்த தெள்ளுப்பூச்சி

எங்கள் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி வந்தது. கால்நடை டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தைப் போட்டேன். பாய், போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் அலசினேன். அப்படியும் பூச்சி போகவில்லை. மருந்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

நான் தினமும் உரிகத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். ரயில் கிளம்பும் மாரிகுப்பத்திலேயே ஏறிவிடும் அக்கா ஒருவர் எனக்குப் பக்கத்தில் சீட் பிடித்து வைப்பார். அன்று அவர் காலைச் சொறிந்தபடி என் மடியைப் பார்த்தார்.

“இன்னாமா, உன் பையிலர்ந்து எதுவோ எகிறி குதிக்குது?”

ராத்திரியெல்லாம் பூனை தூங்குவது அந்த ஆபீஸ் பையின் மேல்தான். அதை மட்டும் நான் துவைக்கவே இல்லை.

இப்போது பூனை படுக்கிற எதையும் விடாமல் வெந்நீரில் துவைக்கிறேன். பை ஆணியில் தொங்குகிறது. அக்கா இன்றும் எனக்குச் சீட் பிடித்து வைக்கிறார், எதிர் வரிசையில்.