சனிக்கிழமை பன்னிரண்டு மணித் தண்ணீர்

செப்டம்பர் பிறந்தால் போதும், புவெனோஸ் ஐரெஸில் இருக்கிற ஒஸ்வால்தோவுக்கு எங்கள் பாலைவனம் நினைவுக்கு வந்துவிடும். பூமியின் தென்பாதியில் இருக்கிற எங்களுக்கு அக்டோபர்தான் வசந்தம். திராட்சைக் கொடி துளிர்த்து, மலையில் பனி உருகி, வாய்க்காலில் தண்ணீர் வருகிற மாதம். அதில் நான்கு நாளை எப்படி அனுபவிப்பது என்று ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து அவன் திட்டம் போடுவான். இங்கே மென்டோசாவில் அவனுடைய அக்கா தெல்மிரா முதுகொடிய அதை நிறைவேற்ற வேண்டும். அவனை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதை மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

என் பெயர் செகுந்தோ. எங்கள் பகுதி வாய்க்காலில் முறை வைத்து மதகு திறப்பவன். மழை என்பது எங்களுக்குச் செய்தியில் வரும் சமாச்சாரம். தண்ணீர் யாருக்கு எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று தாளில் இருக்கும். அந்த நேரத்தில் மதகடியில் ஆள் இல்லையென்றால் தண்ணீர் அடுத்தவனுக்குப் போய்விடும். இருபத்தேழு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். அத்தனை வருஷத்தில் எனக்கு முன்னால் வந்து மதகடியில் நின்ற ஒரே ஆள் தெல்மிராதான்.

அவளுக்கு வயது அறுபத்தொன்று. பதினான்கு வயதில் அப்பாவோடு மண்வெட்டி பிடித்தவள் இன்னும் கீழே வைக்கவில்லை. ஒல்லி உடம்பு, தலையில் அப்பாவின் தொப்பி, வாயில் அதிகம் பேச்சு வராது. தங்கை கல்யாணத்தில் கேக் வெட்டுவதற்கு முன்பே எழுந்து வந்து, விருந்துக்குப் போட்ட உடுப்போடு திராட்சைத் தோட்டத்தின் நாற்பது வரிசைக்கும் தண்ணீர் பாய்ச்சினாள். தங்கை ஒரு வருஷம் பேசவில்லை. "அவ கல்யாணம் ஒரு நாள் தள்ளிப் போயிருக்கலாம், தண்ணி தள்ளிப் போகுமா?" என்று தெல்மிரா என்னிடம் கேட்டாள்.

ஒஸ்வால்தோ இருபது வயதில் ஊரை விட்டுப் போனவன். பத்திரத்தில் தோட்டத்தின் பாதி அவனுடையது. வேலையில் ஒரு சொட்டு வேர்வைகூட அவனுடையது இல்லை.

போன வருஷம் இதே அக்டோபரில் கூட்டத்தோடு வந்தான். கொடிகளுக்கு நடுவே மேசை போட்டுச் சாப்பிட வேண்டும், தரை ஈரமாகக் கூடாது என்று அக்காவைக் கெஞ்சினான். அவள் என்னிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல், "இந்த ஒரு தடவை எங்க முறைய விட்டுடு" என்றாள். நானும் தலையாட்டிவிட்டு மதகை மூடியபடியே விட்டேன். அந்த முட்டாள்தனத்துக்கு இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன். தண்ணீர் குறைந்த ஆண்டு. அடுத்த முறை வர பன்னிரண்டு நாள். அதற்குள் மலையிலிருந்து அனல் காற்று இறங்கிப் பதினாறு வரிசையில் இளந்தளிரைக் கருக்கிவிட்டது. அறுவடையில் அந்த வரிசைகளில் கிடைத்த கொத்துகள் கைக்குழந்தையின் முஷ்டி அளவுகூட இல்லை. அவனோ இணையத்தில் மேசைப் படத்தைப் போட்டு, கீழே "என் தோட்டம்" என்று எழுதியிருந்தான். தெல்மிரா அதை என்னிடம் காட்டினாள். நான் கெட்ட வார்த்தையாகச் சொன்னேன்.

இந்த வருஷம் திட்டம் போட வாட்ஸ்அப்பில் ஒரு குழுவே ஆரம்பித்தான். 'பாலைவனத்தில் ஒயின் வசந்தம்' என்று பெயர். விருந்தாளிகள் பதினொரு பேர், கூடவே அக்காவும். அதுபோக, தினமும் அக்காவுக்குத் தனியாக ஒரு குரல் செய்தி. தண்ணீருக்குக் காத்திருக்கும்போது அவள் அவற்றை மதகடியில் போட்டுக் கேட்பாள், அதனால் எனக்கும் எல்லாம் தெரியும்.

"அக்கா, மேசைய வீட்டு முன்னாடி போட்டுடாத. உன் கோழிக்கூடு படத்துல விழும். போன வருஷம் மாதிரி கொடிக்கு நடுவுல போடு. பின்னாடி மலை தெரியணும்."

"அக்கா, நாயைக் கட்டி வை. ஆட்டுக்குட்டி ஒண்ணு சுட்டுடு. கறி வச்ச எம்பனாதா நெறைய பண்ணு. ஆங், அந்தப் பழைய தொப்பிய போட்டுக்க. இவங்களுக்கெல்லாம் அது பிடிக்கும்."

அப்பாவின் தொப்பி இவர்களுக்கு வேடிக்கைப் பொருளாம். நான் காறித் துப்பினேன்.

தெல்மிரா அவனுக்கு மட்டும் ஒரே ஒரு பதில் அனுப்பினாள். "சனிக்கிழமை பன்னெண்டுலேருந்து ரெண்டே முக்கால் வரைக்கும் நம்ம முறை. மேசைய ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம்."

அதற்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. சரி என்று அர்த்தமாம். மறுநாள் வந்த பட்டியலில் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கொடிகளுக்கு நடுவே விருந்து என்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏதோ பெரிய ஒயின் மாளிகையில் மேசை சொல்லியாகிவிட்டதாம், அதை மாற்ற முடியாதாம். மாற்றக்கூடியது அக்காவின் தண்ணீர் மட்டும்தான்.

அந்த வாரம் இரண்டு நாள் அனல் காற்று அடித்தது. சனிக்கிழமை நான் போனபோது தளிரெல்லாம் தொங்கிக் கிடந்தது. மண் பிளந்திருந்தது. இந்த முறையும் தவறினால் போன வருஷக் கதைதான், அதைவிட மோசமாகவும் போகலாம். நடு வரிசையில் நீள மேசை, வெள்ளைத் துணி, கண்ணாடிக் கோப்பைகள். பதினொரு பேரும் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். தெல்மிரா தட்டு மாற்றித் தட்டு தூக்கிக்கொண்டிருந்தாள். தொப்பி தலையில் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ நிம்மதி வந்தது.

ஒஸ்வால்தோ கையில் ஒயினோடு மதகடிக்கு வந்தான். "செகுந்தோ அண்ணே, ஒரு வாய் குடிங்க. தண்ணிய மூணு மணிக்குத் திறந்துக்கலாம்."

"மூணு மணிக்கு அது உங்க தண்ணி இல்ல. அடுத்த தோட்டத்தோடது."

"போன வருஷம் மட்டும் அட்ஜஸ்ட் பண்ணீங்களே."

"அந்தப் பாவத்தத்தான் இன்னும் சுமந்துட்டிருக்கேன். வழிய விடு."

"நான் பொறந்த வீடு இது. எங்க அக்காவ கேட்டுப் பாருங்க, விட்டுடும்பா."

தெல்மிராவுக்குக் காதில் விழுந்தது. ஆட்டிறைச்சித் தட்டை மேசையில் வைத்தாள்.

"செகுந்தோ, மணி என்ன?"

"பன்னெண்டுக்கு நாலு நிமிஷம்."

உள்ளே போனாள். ரப்பர் பூட்ஸ், தொப்பி, மண்வெட்டியோடு வந்தாள். விருந்தாளிகளில் ஒருத்தி உடனே கைபேசியைத் தூக்கினாள்.

"நல்லா சாப்பிடுங்க. கால மட்டும் தூக்கிக்கோங்க," என்றாள் தெல்மிரா.

அவர்கள் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் பன்னிரண்டுக்கு மதகுப் பலகையைத் தூக்கினேன். இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாகத் தூக்கியதில்லை.

தண்ணீர் சால் வழியே பழுப்பாக ஓடி மேசைக்கு அடியில் புகுந்தது. நாற்காலிக் கால்கள் சேற்றில் இறங்கின. ஒருவர் மேசைத் துணியைப் பிடித்து எழுந்ததில் கோப்பைகள் சரிந்தன. வயதான ஒரு அம்மா மட்டும் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எம்பனாதாவைத் தின்று முடித்தார்.

"பைத்தியமா உனக்கு? வந்தவங்க முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே," என்று ஒஸ்வால்தோ கத்தினான்.

அவள் மண்வெட்டியை அவன் கையில் திணித்தாள். "என் தோட்டம்னு எழுதினியே. அங்க பாரு, மூணாவது வரிசையில கரை ஒடையுது. போய்க் கட்டு."

அவன் வெள்ளை ஷூவோடு அதைப் பிடித்தபடியே நின்றான். எந்தப் பக்கம் மண் வெட்டி எந்தப் பக்கம் போடுவது என்று அவனுக்கு மறந்துபோயிருந்தது. பதினொரு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரை அகலமாக உடைந்துகொண்டே போனது. அவள் மண்வெட்டியைத் திரும்ப வாங்கி, நான்கே வெட்டில் அடைத்தாள். இரண்டே முக்காலுக்குக் கடைசி வரிசையும் நனைந்துவிட்டது.

சாயங்காலமே வண்டிகள் கிளம்பின. மறுநாள் மதகடியில் தெல்மிரா கைபேசியை நீட்டினாள். அந்தக் குழுவில் முதல் தடவையாக அவளே எழுதியிருந்தாள். "அடுத்த முறை வியாழன் காலை ஆறு மணி. வர்றவங்க பூட்ஸோட வாங்க. மேசை போட மாட்டேன்."

கீழே யாரும் கட்டைவிரல் போட்டிருக்கவில்லை.