பெங்களூர்க் கண்ணாடி

துப்பாக்கிக்கு ஒரு கண்ணாடி தேடி எட்டு மாதத்தைத் தொலைத்தவள் நான். அறுபதுகள் முடிந்து எழுபதுகள் பிறந்திருந்த நேரம். அந்த எட்டு மாதத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் காரிமங்கலத்தில் மெயின் ரோட்டோரம் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். நான் பள்ளிக்கூட டீச்சர். அவரிடம் ஸ்பிரிங் வைத்த ஏர்கன் ஒன்று இருந்தது. குழலை மடக்கித்தான் குண்டு போட வேண்டும். எனக்கு முன்னாலேயே அந்த வீட்டுக்கு வந்தது என்பதால், அதன்மேல் எனக்கு மூத்த தாரத்தின்மேல் வருகிற மாதிரி ஒரு கடுப்பு. ஆனாலும் குண்டு போட்டுக் கொடுப்பது என் வேலைதான்.

எங்கள் மாதா கோவில் திருவிழாவில் எலுமிச்சம்பழத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, இருபது தப்படி தள்ளி நின்று சுடும் போட்டி உண்டு. பழத்தைச் சுட்டால் கைதட்டல் மட்டும்தான். நூலை அறுத்தால்தான் சேவல். ஐந்து வருஷம் அந்தச் சேவல் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. ஆறாம் வருஷம் ஒரு பழம்கூட அசையவில்லை. கூட்டம் சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

“நூலே தெரியல டீச்சரம்மா. மேல ஒரு கண்ணாடி மாட்டுனா தெரியும்” என்றார்.

துப்பாக்கிமேல் பொருத்துகிற டெலஸ்கோப்புக்கு எங்கள் வீட்டில் கண்ணாடி என்றுதான் பேர்.

லாரி ரிப்பேருக்கு வந்த ஒரு எஸ்டேட்காரர், தன் வேட்டைத் துப்பாக்கியில் இருந்து கழற்றிப் போட்ட கண்ணாடியைக் கொடுத்தார். பெரிய துப்பாக்கியின் உதையையே தாங்கினது, இந்தப் பொம்மையைத் தாங்காதா என்று மாட்டினோம். முழங்கை நீளம். குண்டு போடும்போதெல்லாம் என் விரல் அதில் இடித்தது. பத்தே நாளில், குறி பார்க்க உள்ளே சிலுவைபோல வைத்திருந்த மெல்லிய கம்பி அறுந்து தொங்கியது. அதைவிட, சோறு வடிக்கும் ஆவிக்குள் பார்ப்பதுபோல எல்லாமே மங்கல். அவருக்கு மட்டுமல்ல, எனக்கும்.

லீவு நாளில் பெங்களூர் போனோம். துப்பாக்கிக் கடைக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். பெரிய துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும், ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாலும் உதைத்து முன்னாலும் உதைக்கும், அந்த ரெண்டாவது உதையில்தான் கம்பி போகும் என்றார். வேட்டைக் கண்ணாடி தூரத்துக்குச் செய்தது, கிட்டத்தில் மங்கத்தான் செய்யுமாம். ஏர்கன்னுக்கென்றே செய்த குட்டைக் கண்ணாடி வெளிநாட்டில் இருந்து வர வேண்டும், வந்தால் கடுதாசி போடுகிறேன் என்றார். நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அவர் மெதுவாகக் கேட்டார். “ஒருவேளை, என் கண்ணுலயே எதாச்சும்…”

“உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க. கண்ணாடிதான் தப்பு. எனக்கும் மங்கலாத்தான தெரிஞ்சுது?” என்று கிருஷ்ணகிரி வரும்வரை பாடம் நடத்தினேன். அவர் முகம் தெளிந்தது. என் படிப்பின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அப்புறம் காத்திருந்தோம். விளக்கைச் சுற்றிக் கலர் கலராய் வட்டம் தெரிகிறது என்றார். தூக்கம் போதாது என்றேன். நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டார். ஆள் பெருத்துவிட்டீர்கள்போல என்று கிண்டல் செய்தேன். ஒருநாள் ஒர்க்‌ஷாப் முதலாளி வீடு தேடி வந்தார்.

“டீச்சர், அண்ணனுக்குச் சீக்கிரம் ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்க. நட்டு கண்ணெதுக்க கெடக்குது, கையால தடவித் தேடுறாரு.”

“சொல்லி வெச்சாச்சுங்க. பெங்களூர்ல இருந்து வரணும்” என்றேன். அவரும் திருப்தியாகப் போனார். யார் எந்தக் கண்ணாடியைச் சொன்னோம் என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை.

எட்டாம் மாதம் கடுதாசி வந்தது. போய் வாங்கி வந்தோம். ஒரு சாண் நீளம். குண்டு போட விரல் தாராளமாக நுழைந்தது. மறுநாள் காலையில் முருங்கை மரத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டினேன். கண்ணாடியின் மூடியைக் கழற்றி, நான்தான் முதலில் பார்த்தேன். முன்வளையத்தைத் திருகத் திருக, பழத்தோலில் உள்ள புள்ளிகள்கூடத் தெரிந்தன. நூலின் முறுக்குத் தெரிந்தது. சின்னப்பிள்ளை மாதிரி குதித்தேன்.

அவர் வாங்கி, இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணை வைத்தார். வளையத்தை இப்படியும் அப்படியும் திருகினார்.

“மூடியக் கழட்டு டீச்சரம்மா.”

மூடி என் கையில் இருந்தது.

சேலத்தில் கண் டாக்டர் நெடுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி வலது கண்ணின் நரம்பு செத்துவிட்டது, போன பார்வை திரும்பாது, இடது கண்ணை மருந்து போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். ஆறேழு மாதம் முன்னால் வந்திருந்தால் இதையும் கொஞ்சம் நிறுத்தி வைத்திருக்கலாமாம்.

“இவ்வளவு நாள் ஏங்க வரல?”

நான்தான் காரணம் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அவர் முந்திக்கொண்டார்.

“கண்ணாடி வர லேட்டாயிருச்சுங்க.”

“இதுக்கு எந்தக் கண்ணாடியும் ஆகாதுங்களே” என்றார் டாக்டர்.

“அது எங்களுக்குத் தெரியலீங்க.”

எங்களுக்கு என்றார்.