ஒரு மரத்துக்கு இரண்டு செடி

கல்யாணமாகி முதல் ஏழு மாதத்தில் நானும் என் மனைவியும் தனியாக இருந்தது ஒரே ஓர் இடத்தில்தான்: குடியாத்தத்திலிருந்து எங்கள் ஊருக்கு வரும் பாசஞ்சர் வண்டியில். அதிலும் எதிர்ப்பலகையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேரும் எங்களுக்கு உறவில்லை என்பதால் அதையே தனிமை என்று வைத்துக்கொண்டோம். அந்த வண்டியில்தான் அவள் தன் பிறந்த வீட்டைப் பற்றிச் சொன்னாள். நெசவு வீடு, கூடம் முழுக்கத் தறி. "தறிக் குழியில இறங்கி உக்காந்துட்டா என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றாள். தறியைப் பற்றி ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

எங்கள் வீடு தோல்ஷாப்பு வீடு. ஐம்பதுகளில் எங்கள் பக்கத்தில் தோல் பதனிடும் ஆலையை ஷாப்பு என்றுதான் சொல்வோம். அப்பா அதில் சுண்ணாம்புக் குழி மேஸ்திரி. நான் அதே ஷாப்பின் ஆபீசில் கிளார்க். வீட்டில் ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, பின்னால் கிணறு. கூடத்தில் அப்பா, அம்மா, என் இரண்டு தம்பிகள், நான், அவள். அவள் புடவை மாற்ற வேண்டுமென்றால் சமையல்கட்டு வாசலில் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நிற்பாள். உள்ளே குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்.

தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "இன்னா, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்பார்கள். விசேஷத்துக்கு இடம் வேண்டாமா என்று யாரும் கேட்டதில்லை.

கடைசியில் அப்பாவே ஒரு நாள் கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டு, "பின்னால இருக்கற மரத்த எடுத்துட்டா ஒரு ரூம்பு கட்டலாம்" என்றார். எதற்கு ரூம்பு என்று அவர் சொல்லவில்லை. அப்பாக்கள் இந்த விஷயத்தை மகனிடம் பேச மாட்டார்கள், ஓட்டிடம்தான் பேசுவார்கள்.

பின்னால் இருந்தது புங்கமரம். எங்கள் தெருவிலேயே ஒரே புங்கமரம். அதை வெட்ட ஒரு கோடாலி போதும் என்று நினைத்திருந்தோம். முனிசிபாலிட்டிக்காரர்கள் வேறு மாதிரி நினைத்திருந்தார்கள். அந்த வருஷம்தான் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. சொந்த மனையில் நிற்கும் மரமானாலும் மனுப் போட்டுத்தான் வெட்ட வேண்டும். வெட்டிய மரத்துக்குப் பதிலாக அதே ஜாதியில் இரண்டு செடி அதே மனையில் நட வேண்டும். இரண்டும் ஆறு மாதம் உயிரோடு இருப்பதை ஓவர்சியர் வந்து பார்த்த பிறகுதான் கட்டட பிளானில் கையெழுத்து. ஒன்று செத்தாலும் ஆறு மாதம் மறுபடி முதலிலிருந்து.

"ஆத்துல ஷாப்புத் தண்ணியத் தொறந்து வுடறதுக்கு ஒரு மனுவும் கெடையாது. எங்க வீட்டு மரத்துக்கு மட்டும் மனுவா?" என்று அப்பா கத்தினார். நியாயமான கேள்விதான். ஆனால் அதை எங்கள் கூடத்தில் கேட்டார், முனிசிபாலிட்டி ஆபீசில் கேட்கவில்லை.

மனுவில் காரணம் எழுத வேண்டும். 'இட நெருக்கடி' என்று எழுதிக்கொண்டு போனேன். அங்கிருந்த குமாஸ்தா அதைச் சத்தமாகப் படித்தார்.

"இன்னா நெருக்கடி? வீட்ல எத்தினி பேரு?"

"ஆறு பேர் சார்."

"ஆறு பேரு ஒரு நெருக்கடியா? எங்க வீட்ல பதினோரு பேரு." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆச்சா?" என்றார்.

"ஏழு மாசம் ஆச்சு சார்."

ஆபீசில் இருந்த அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. குமாஸ்தா மனுவின் ஓரத்தில் 'அவசரம்' என்று எழுதிக் கோடு போட்டார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அனுமதி இரண்டே வாரத்தில் வந்துவிட்டது.

மரம் போயிற்று. இரண்டு புங்கஞ்செடி வாங்கிவந்து வேலியோரம் குழி தோண்டி நட்டோம். இந்த இடத்தில் எங்கள் ஊர் மூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு மூக்கு என்பது கண்ணாடி மாட்டிக்கொள்ள ஏற்பட்ட உறுப்பு. ஷாப்பு நாற்றம் எங்களுக்குத் தெரியாது. வெளியூரிலிருந்து வரும் மருமகள் முதல் வாரம் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே நடப்பாள். கிணற்றடியில் பெண்கள் அவளை நாள்தோறும் விசாரிப்பார்கள்: "இன்னும் நாத்தம் தெரியுதா?" ஒரு நாள் அவள் "இன்னா நாத்தம்?" என்று திருப்பிக் கேட்பாள். அன்றைக்கு அவள் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள் என்று அர்த்தம். வழக்கமாக இரண்டு மாதத்தில் ஆகிவிடும். என் மனைவிக்கு மட்டும் எட்டாவது மாதத்திலும் மூக்கு வேலை செய்தது. அம்மாவுக்கு அது ஒரு குறையாகவே இருந்தது.

செடி நட்ட அன்று சாயங்காலம் அப்பா ஷாப்பிலிருந்து ஒரு மூட்டை மயிர் கொண்டுவந்தார். தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து வழித்தெடுக்கும் மயிர் அது. அதை நன்றாக அலசி, ஒரு மழையில் நனையவிட்டு, பிறகு தென்னைக்குப் போட்டால் குலை தள்ளும். ஊரில் எல்லோரும் போடுவார்கள். அதனால் செடிக்கும் போடலாம் என்பது அப்பாவின் கட்சி.

மூட்டையை அவிழ்த்ததும் என் மனைவி சமையல்கட்டிலிருந்து ஓடிவந்தாள்.

"மாமா, இது சுண்ணாம்பு நாத்தம் அடிக்குது. அலசாத மயிரு மாதிரி இருக்கு."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "குழியிலயே முப்பது வருசமா நிக்கறேன்மா. எனக்குத் தெரியாத சுண்ணாம்பா?"

நானும் சிரித்தேன். அப்பாவாவது அனுபவத்தை நம்பிச் சிரித்தார். நான் அப்பா சிரித்தார் என்று சிரித்தேன். அவள் என்னை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். மருமகளுக்கு ரூம்பு சீக்கிரம் வரட்டும் என்று அப்பா குழிக்கு இரண்டு கூடையாகக் கொட்டினார்.

மூன்றே வாரத்தில் செடிகள் இரண்டும் விளக்குமாற்றுக் குச்சியாகிவிட்டன.

ஓவர்சியர் முதல் சோதனைக்கு வரும் நாளும் நெருங்கிவிட்டது. புங்கங்கிளை இரண்டு ஒடித்து நட்டுவிடலாம் என்று அப்பா யோசனை சொன்னார். தெருவில் இருந்த ஒரே புங்கமரத்தைத்தான் நாங்களே வெட்டிவிட்டோமே! அன்று காலை அவர் ஷாப்புக்குப் பின்னால் இருந்த புதரிலிருந்து ஆவாரங்கிளை இரண்டு ஒடித்துக்கொண்டு வந்தார். வாழ்நாள் பூராவும் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோல் ஊறுவதைப் பார்த்தவருக்குச் செடி என்றால் ஆவாரைதான். குழியில் சொருகி, மண்ணை மிதித்து, தண்ணீரும் ஊற்றினார்.

ஓவர்சியர் சைக்கிளைக் கிணற்றடியில் சாய்த்துவிட்டு வந்தார். காகிதத்தைப் பார்த்தார், செடியைப் பார்த்தார்.

"புங்கன்னு எழுதியிருக்கு. மஞ்சப் பூவா பூத்திருக்குதே?"

"இது ஒரு ஜாதிங்க" என்றார் அப்பா.

ஓவர்சியர் குனிந்து இரண்டு விரலால் இழுத்தார். கிளை சத்தமில்லாமல் கையோடு வந்தது. அதைச் சம்பந்திக்குப் பூங்கொத்து கொடுப்பதுபோல் அப்பாவிடம் கொடுத்தார். "வெச்சுக்கய்யா, ஷாப்புக்குப் பட்டை ஆச்சு." பிறகு காகிதத்தில், ஆறு மாதம் முதலிலிருந்து என்று எழுதினார்.

என் மனைவி சமையல்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சொல்லவில்லை. அடுத்த வாரம் அம்மா வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பினாள். ரயில் ஏறும்போது, "ரூம்பு ஆனதும் கடுதாசி போடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். இனி வரவே மாட்டாளோ என்ற பயம் அன்று பிடித்ததுதான்.

மறுபடி இரண்டு செடி நட்டோம். இந்தத் தடவை மயிரும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம், வெறும் தண்ணீர்தான் என்று நானே பார்த்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும் செடி முகத்தில்தான் விழிப்பேன். இருபது நாள் கழித்து இடது பக்கச் செடியின் இலை ஓரம் பழுக்க ஆரம்பித்தது. அவளுக்கு ஒரு கார்டு போட்டேன். கார்டை வழியில் நாலு பேர் படிப்பார்கள், அவள் வீட்டில் எட்டுப் பேர் படிப்பார்கள். அதனால், 'இடது பக்கச் செடி பழுக்கிறது. வலது பக்கம் பரவாயில்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை' என்று மட்டும் எழுதினேன்.

நாலாம் நாள் காலை ஒரு துணிப்பையோடு அவள் வந்து நின்றாள். நேரே பின்னால் போய், செடியருகே உட்கார்ந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தாள்.

"இதே குழியிலயா நட்டீங்க?"

"ஆமா."

"மண்ணு பூரா சுண்ணாம்புங்க. இடுப்பளவு தோண்டி வாரிக் கொட்டிட்டு வேற மண்ணு போடணும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த இரண்டு நாள் எங்கள் வீட்டில் நடந்ததை ஊரே வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. அப்பா கூடை கூடையாக மண் கொண்டுவருவார். மருமகள் ஒரு பிடி எடுத்து முகர்வாள். "இது வேணாம் மாமா." ஆற்றங்கரை மண் வேண்டாம். ஷாப்பு மதில் ஓரத்து மண் வேண்டவே வேண்டாம். ஐம்பது ஆள்களை விரட்டி வேலை வாங்கும் மேஸ்திரி, மருமகள் மூக்குக்கு முன்னால் கூடையை ஏந்திக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றார். கடைசியில் மலையடிவாரத்து ஏரியிலிருந்து வண்டியில் அடித்த மண் பாஸாயிற்று. சாயங்காலம் கூட்டாளிகளிடம் அப்பா பெருமையடித்துக்கொண்டார்: "ஊர்லயே மூக்கு இருக்கற வீடு எங்க வீடுதான், தெரிஞ்சுக்கோங்க."

அவள் திரும்பிக் குடியாத்தம் போகவில்லை. அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள், ஆடு வந்தால் கல்லால் அடித்தாள். ஆறு மாதம் கழித்து ஓவர்சியர் வந்தார். பழைய ஞாபகத்தில் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. சந்தேகம் தீராமல் முழுக் கையால் பிடித்து இழுத்தார். அப்போதும் வரவில்லை. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பத்தடிக்கு எட்டடியில் ஓடு போட்ட ரூம்பு. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். "உள்பக்கம் எதுக்குத் தாப்பா?" என்று அம்மா கேட்டதற்கு, ஆசாரி வழக்கம் அப்படி என்று அப்பா ஓட்டைப் பார்த்துச் சொன்னார்.

காலையில் பால் காய்ச்சினோம். உறவுக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு மத்தியானத்துக்குள் கிளம்பிவிட்டார்கள். நான் இஸ்திரி போட்ட சட்டையோடு எதற்கும் தயாராக இருந்தேன். அவள் ரூம்பைப் பெருக்கி, பாயை விரித்து, தன் டிரங்குப் பெட்டியை மூலையில் வைத்தாள். நான் மெதுவாகப் போய் நிலைப்படியில் ஒரு காலை வைத்தேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, கொஞ்ச நேரம் நான் மட்டும் இருக்கட்டுமா?"

காலை எடுத்துக்கொண்டேன். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

பளாரென்று ஓர் அறை வாங்கியதுபோல் இருந்தது எனக்கு. மரம் இருந்த இடத்து வெயிலில், அந்த இரண்டு செடிகளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் ரயிலில் அவள் சொன்ன தறிக் குழி ஞாபகம் வந்தது. ஏறக்குறைய ஒன்றரை வருஷமாக ஒரு கண்ணும் தன்மேல் படாத பத்து நிமிஷம் இந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்ததில்லை. அழ வேண்டும் என்றால்கூட எங்கே போயிருப்பாள்? ரூம்பு எங்கள் இரண்டு பேருக்கு என்று நான் நினைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். சாத்தியிருந்த கதவைப் பார்த்தார், வெயிலில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"இன்னாடா இங்க உக்காந்திருக்க?"

"செடியப் பாத்துக்கறேன்பா."

மறுபடி ஒரு தடவை கதவைப் பார்த்தார். அன்றைக்கு ஓட்டைப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆமாண்டா, பாத்துக்கணும். ஆடு மேஞ்சுடும்" என்றார்.