கேட்டுக்கு வெளியே பாதி வண்டி

தம்பியின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் பழைய அம்பாசடரின் சைலன்சர் முதுநகர் ரயில்வே கேட்டில் கழன்று விழுந்தது. நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். அங்கிருந்து வீடு வரைக்கும் வண்டி போட்ட சத்தத்தில், மீன் வாங்க நின்றவர்கள் பேரத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

சிதம்பரத்தில் கல்யாணம். எங்களுக்கெல்லாம் வாடகை வேன் பேசியிருந்தது. அப்பாவுக்குத்தான் அந்த வண்டி வேண்டும். அவருக்கு வலது முழங்கால் மடங்காது. வேன் படியில் ஏற முடியாது, சின்னக் கார்களில் காலை வைக்க இடம் போதாது. அம்பாசடரின் முன்சீட்டில் மட்டும் காலை நீட்டிக்கொண்டு ராஜா மாதிரி உட்காருவார். ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போகும்போது சொந்தக்காரர்கள் சேர்ந்து அவரை வேனில் தூக்கி ஏற்றியதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் வந்து நின்ற சத்தத்தைக் கேட்டதுமே விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. "என் வண்டி வந்தா வரேன். இல்லன்னா நீங்க போயி முடிச்சிட்டு வாங்க. நான் என்ன மூட்டையா, ஏத்தி எறக்க?" என்று சொல்லிவிட்டு பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான். பெற்ற பிள்ளையின் கல்யாணத்துக்கும் வராமல் இருந்துவிடுவார். அந்தப் பிடிவாதம்தான் எனக்கும் வந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

நல்லவேளை, பழசு என்றைக்காவது காலை வாரும் என்று தெரிந்து, புதுச்சேரியில் வாங்கி வந்த புது சைலன்சரும் குழாய்களும் மாடிப்படிக்குக் கீழே கிடந்தன. வழக்கமாக வரும் மெக்கானிக் பெண்ணாடத்தில் ஏதோ காரியத்துக்குப் போயிருந்தார். ஆனால் வீட்டிலேயே ஆள் இருந்தான். தம்பி மஸ்கட்டில் பைப் ஃபிட்டர். குழாய் மாட்டுவதுதான் அவன் பிழைப்பே.

சிக்கல் என்னவென்றால் அவன்தான் மாப்பிள்ளை. முதல் நாள்தான் பந்தக்கால் நட்டு நலங்கு வைத்திருந்தோம். நலங்கு வைத்த பிள்ளை, கல்யாணத்துக்குக் கிளம்புகிற வரைக்கும் வீட்டு எல்லையைத் தாண்டக் கூடாது. அம்மா இந்த விஷயத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டாள். எங்கள் வீட்டு வாசலோ ஸ்கூட்டர் நிற்கிற நீளத்துக்குத்தான் கட்டியது. அம்பாசடர் பாதிதான் கேட்டுக்குள் நுழையும், மீதி தெருவில் நிற்கும். திருப்பி நிறுத்தினால் என்ஜின் பக்கம் தெருவுக்குப் போய்விடும்.

"உள்ள இருக்கறத அவன் பாக்கட்டும். கேட்டத் தாண்டி ஒரு விரலும் போவக் கூடாது," என்றாள் அம்மா.

"அப்ப வெளிய இருக்கறத?"

"நீ பாரு. நீதான வண்டி ஓட்டற?"

ஜாக்கி போட்டுத் தூக்கி, தடித்த மரக்கட்டைகளில் வண்டியை நிறுத்தினோம். தம்பி முகத்தில் மஞ்சளோடு முன்பக்கம் படுத்தான். நான் புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் தெருவில் படுத்தேன். வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார். அவர் டார்ச் பிடித்தால் அவர் பார்க்க விரும்புகிற இடத்தில்தான் வெளிச்சம் விழும். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு டீசல் ஊற்றி, தட்டி, திட்டி, மிச்சமிருந்த பழைய குழாய்களைக் கழற்றுவதற்குள் என் கையெல்லாம் கரி.

புதியதை மாட்டுவதில் எனக்கும் தம்பிக்கும் சின்ன வயசுப் போட்டி வந்துவிட்டது. அவன் என்ஜினிலிருந்து முறுக்கிக்கொண்டே வந்தான். நான் புகை வெளியே வரும் முனையிலிருந்து முறுக்கிக்கொண்டே போனேன். என் பக்கம் முதலில் முடிந்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் கேட்டுக்கு நேர் கீழே, இரண்டு குழாயும் சேர வேண்டிய இடத்தில் பார்த்தால், ஒன்றோடு ஒன்று முகம் கொடுக்காமல் நின்றன.

"அக்கா, ஒன் பக்கம் கோணலா இருக்கு."

"என் பக்கம் நேராத்தாண்டா இருக்கு. ஒன் குழாதான் கெழக்கால பாக்குது."

"எனக்கு ரெண்டுமே கோணலாத்தான் தெரியுது மச்சான்," என்றார் வீட்டுக்காரர்.

"மாமா, நீங்க டார்ச்ச மட்டும் புடிங்க."

தம்பி பெருமூச்சு விட்டான். "இத எல்லாம் மொதல்ல தொளதொளன்னு தொங்க விடணும்க்கா. ஒரே ஆளு முன்னயும் பின்னயும் போயி நேர் பாத்து, அப்பறம்தான் முறுக்கணும். மஸ்கட்ல நான் இப்டி பண்ணா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

முன்னயும் பின்னயும் போக வேண்டிய அந்த ஒரே ஆள் கேட்டைத் தாண்டக் கூடாது. எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. எழுந்து நேரே உள்ளே போனேன். "ஒன் எல்லைய நீயே கட்டிக்கிட்டு அழு. அப்பா இங்கயே ஒக்காந்து பேப்பர் படிக்கட்டும். நீ தனியா போயி ஒன் மருமவள கூப்ட்டுட்டு வா," என்று கத்தினேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அவள் சமையல்கட்டுக்குள் போனாள். இப்படிப் பேசியிருக்க வேண்டாமே என்று எனக்குப் பட்டது.

திரும்பி வந்தவள் கையில் கோலமாவு டப்பாவும் காவியும் இருந்தன. கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனாள். வண்டியின் பின்பாதியைச் சுற்றிக் குனிந்து கோடு போட்டாள், சக்கரத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் தள்ளியே போட்டாள். அதை ஒட்டி காவிப் பட்டையும் அடித்தாள். எதிர்வீட்டுக்காரம்மா, "என்னாங்க இது, இந்நேரத்துல கோலம்?" என்று கேட்டாள்.

"எங்க வாசல் இதுவரைக்கும்," என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவுரு இல்லாம நான் மட்டும் போயி மணையில ஒக்காருவனாடி?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவின் பேப்பர் வெகுநேரம் பக்கம் திரும்பவே இல்லை.

தம்பி கோலத்துக்குள் உருண்டு வந்து எல்லாவற்றையும் தளர்த்தினான். இரண்டு முனைக்கும் மாறி மாறிப் போய் நேர் பார்த்து, கடைசியாக முறுக்கினான். மஞ்சளும் கிரீசும் கலந்து அவன் முகம் ஒரு தினுசாக இருந்தது. சாவியைத் திருப்பினேன். வண்டி சாதுவாக உறுமியது.

கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்று புதுச்சத்திரம் தாண்டும் வரை அப்பா ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "சத்தத்தையே காணும். வண்டி ஓடுதா?" என்றார். வெள்ளாற்றுப் பாலம் வருவதற்குள் அதையே இன்னும் இரண்டு தடவை கேட்டுவிட்டார். சந்தோஷம் ஜாஸ்தியானால் அவர் அப்படித்தான்.

மண்டபத்தில் அப்பாவுக்கு மணையில் உட்கார முடியாது என்று நாற்காலி போட்டார்கள். "எனக்கும் ஒன்னு போடுங்க," என்று அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நாத்தனார் முடிச்சு போட வேண்டியவள் நான். எத்தனை தேய்த்தும் விரல் இடுக்கில் கரி போகவில்லை. மூன்றாவது முடிச்சைப் போட்டபோது மஞ்சள் கயிற்றில் லேசாகக் கறுப்புப் படிந்துவிட்டது. அம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

அப்பா காலை நீட்டியபடியே அவள் பக்கம் சாய்ந்தார். "இருக்கட்டும் வுடு," என்றார். "நம்ம வண்டி கரிதான."